மருமகன் அறைக்கு வாங்கிய ஏசி

முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். செவ்வகத்தின் பரப்பளவை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் சொந்த வீட்டில், பத்துக்குப் பதினொரு அடி அறை ஒன்றுக்கு ஏசி வாங்கப் போனபோது, அந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த அறை மருமகனுக்கானது. மருமகன் விஷயத்தில் எங்கள் ஊரில் யாரும் பெருக்கிப் பார்ப்பதில்லை.

வெளியூர்க்காரருக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிட்டு, பெற்றவர்கள் பின்பக்கத்து அறைக்கு ஒதுங்கிக்கொள்வோம். முன்பக்கத்தில் இருக்கிற நல்ல அறையை மாப்பிள்ளைக்கென்று சோடிப்போம். கல்யாணத்துக்கு முன்னர் அவர் வீட்டுப் பெண்கள் வந்து அந்த அறையைப் பார்ப்பார்கள். கட்டிலைத் தட்டிப் பார்ப்பார்கள், அலுமாரியைத் திறந்து பார்ப்பார்கள், வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். திரும்பிப் போகும்போது அவர்கள் முகத்தில் என்ன இருந்தது என்பதை நாங்கள் ஒரு மாதம் கதைப்போம்.

மூன்று வீடு தள்ளி இருக்கிற என் ராத்தா, அதாவது கூடப்பிறந்த அக்கா, தன் மருமகனுக்குப் பதினெட்டாயிரம் பீடியூ ஏசி ஒன்று போட்டிருந்தாள். பீடியூ என்பது குளிராக்கும் சக்தியின் அளவு என்று அவளுக்கும் தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியாது. பதினெட்டைவிடப் பெரியது இருபத்துநான்கு என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

கல்முனை பிரதான வீதிக் கடையில் விற்பனையாளர் முறையாகத்தான் தொடங்கினார். "அறை எத்தின அடி டீச்சர்? எத்தின ஜன்னல்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல், "மருமகன்ட அறைக்கு" என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது. கையில் எடுத்த பேனையை மீண்டும் பையில் குத்திக்கொண்டு, பெரிய பெட்டிகள் இருந்த பக்கமாக எங்களைக் கூட்டிப் போனார்.

என் கணவர் மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்கிறவர். எதையும் அவசரப்பட்டுத் தீர்மானிக்காத மனிதர். பெட்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது பள்ளிவாசலுக்கும் காணும் போல" என்றார். நான் பார்த்த பார்வையில் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஏசிக்காக அறையையே மாற்றினோம். கூரைக்குக் கீழே சீலிங் அடித்து அழகுக்கு விளக்குகள் பதித்தோம். ஃபேன் இருந்த இடம் அதோடு போய்விட்டது. குளிர் வெளியேறக் கூடாதென்று ஜன்னல்களைத் திறக்க முடியாத கண்ணாடியாக்கினோம். மெஷினைக் கட்டில் தலைமாட்டுக்கு நேர் மேலே மாட்டினோம். சுவரில் பாதியை அது பிடித்துக்கொண்டது. நிந்தவூரிலிருந்து பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தலையை நிமிர்த்தி அதையே பார்த்தார்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வேறெங்கோ பார்த்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மருமகன் சாதுவான மனிதர். அக்கரைப்பற்றில் ஒரு அலுவலகத்தில் வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் போவார், மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வருவார். கொடுத்ததைச் சாப்பிடுவார். உப்புக் குறைந்தாலும் கூடினாலும் முகத்தில் தெரியாது. அவர் வந்ததும் என் கையால் தேநீர் ஊற்றி, மூன்று கரண்டி சீனி போட்டு, மகளிடம் கொடுத்துவிடுவேன். கிளாஸ் வெறுமையாகத் திரும்பி வரும். அதைக் கழுவும்போதெல்லாம் எனக்கு மனசு குளிர்ந்துபோகும்.

நேரே கொடுக்கமாட்டேன். எங்களுடைய பழைய ஒழுங்கு அது. மாமி மருமகனுக்கு முன்னால் வந்து நின்று கதைப்பதில்லை. கதவு மறைவில் நின்று மகளிடம் சொல்வாள், மகள் அவரிடம் சொல்வாள். இந்தக் காலத்தில் பலர் இதை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவள், ஒரு மருமகனுக்கு முன்னால் வாய் திறக்கமாட்டேன். அந்த அறைக்குள்ளும் கல்யாணத்துக்குப் பிறகு நான் கால் வைக்கவில்லை.

ஆனால் காது இருக்கிறதே. ஏசியின் வெளிப்பெட்டி எங்கள் பின்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. இரவு இஷா தொழுகைக்குப் பிறகு அது இரையத் தொடங்கினால், முன்னறையில் எல்லாம் சரி என்று எனக்கு அர்த்தம். சத்தம் வரும், நிற்கும், மீண்டும் வரும். நல்ல மெஷின், ஓய்வெடுத்து ஓடுகிறது என்று நினைத்தேன். ஒருநாள் அது இரையவே இல்லை. காலையில் மகளைப் பிடித்து, "ஏன் ராவு ஏசி போடல்ல? பழுதா? மருமகனுக்குப் பிடிக்கல்லயா?" என்று விசாரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இரைந்தது.

இன்னொரு பெருமையும் இருந்தது. ராத்தா வீட்டு ஏசிக் குழாயிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும். கீழே வாளி வைத்திருப்பாள். எங்கள் குழாயில் சொட்டு அபூர்வம். நான் வைத்த வாளியில் பல்லிதான் படுத்துக் கிடந்தது. "எங்கட சாமான் ஒழுகாது ராத்தா" என்று ஒருமுறை சொல்லியும் வைத்தேன்.

இரண்டாம் மாதம் முடிவதற்குள் மருமகன் நிந்தவூருக்குப் போய்ப் படுக்கத் தொடங்கினார். முதலில் உம்மாவுக்குச் சுகமில்லை என்றார். பிறகு வீட்டில் ஏதோ பூச்சு வேலை என்றார். கிழமையில் ஒரு நாள் இரண்டானது, இரண்டு மூன்றானது. கடைசியில் ஒருநாள் மோட்டார் சைக்கிளின் பின்னால் தன் தலையணையையும் கட்டிக்கொண்டு போனார்.

எங்கள் ஊரில் மருமகன் தாய் வீட்டில் போய்ப் படுக்கிறார் என்றால் அதற்கு ஒரே விளக்கம்தான். வந்த இடம் சரியில்லை. வீடோ, மனைவியோ, மாமியோ, ஏதோ ஒன்று அவருக்குப் பொருந்தவில்லை. இப்படித் தொடங்கிய சில கல்யாணங்கள் எங்கே போய் முடிந்தன என்பதை நான் கண்டிருக்கிறேன். ராத்தா ஒருநாள் மதிலுக்கு மேலால், "மருமகன்ட மோட்டார் சைக்கிள் சத்தம் இப்ப கேக்கிறல்லயே" என்றாள்.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அடுத்த நாள் காலையில் மகள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரோட என்னத்தக் கதைச்சாய்?" என்றேன்.

"ஒண்டும் இல்ல உம்மா."

"ஒண்டும் இல்லாமயா மனிசன் தலகாணியக் கட்டிக்கிட்டுத் தாய்ட வீட்ட போறாரு?"

அவள் தலையைத் தூக்கவில்லை. மீனை அலசினாள், மீண்டும் அலசினாள். அது எனக்கு இன்னும் சூடேற்றியது. "அறை கட்டித் தந்தன். ஊரில ஒருத்தரும் போடாத ஏசி போட்டுத் தந்தன். ஒரு மனிசன வெச்சிருக்கத் தெரியாட்டி நான் என்ன செய்யிற?" என்றேன்.

அவள் மீன் சட்டியை மூடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அழவில்லை. என் வாழ்க்கையில் திருப்பி எடுக்க விரும்புகிற சொற்கள் சில உண்டு. அவற்றில் அதுதான் முதலாவது.

கல்யாணம் முடிந்து ஐந்தாம் மாதம், ஏசியைத் துப்புரவு செய்யத் திருத்துநர் வந்தார். கல்முனைத் தமிழ்ப் பகுதியைச் சேர்ந்தவர், என் வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அதிகம் பேசாதவர். மகளும் மருமகனும் ஒரு விருந்துக்குப் போயிருந்தார்கள். கணவர் வயலில். வேறு வழியில்லாமல் ஐந்து மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக அந்த அறைக் கதவை நானே திறந்தேன்.

முதலில் மூக்குக்குத்தான் விஷயம் தெரிந்தது. மாரி காலத்தில் காயாத உடுப்பின் வாசம். அலுமாரிக்குப் பின்பக்கச் சுவரில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மருமகனின் தொழுகை விரிப்பைத் தொட்டேன். ஈரமில்லை, ஆனால் காய்ந்தும் இல்லை. கட்டில் காலடியில் தடித்த கம்பளி இரண்டு மடித்திருந்தன. தலைமாட்டில் தைலப் போத்தல், பக்கத்தில் கம்பளித் தொப்பி. மலைக்குளிருக்கு, நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் போடுகிற தொப்பி. கல்முனையில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மனிதர் அதைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

திருத்துநர் ஏணியை விரிக்காமல் அறையின் நடுவில் நின்று மெஷினைப் பார்த்தார், பிறகு சுவர்களைப் பார்த்தார்.

"டீச்சர், இந்த அறை எத்தின அடி?"

"பத்துக்குப் பதினொண்டு."

"அப்ப நூத்திப்பத்து" என்றார். கணக்கை எனக்கு அவர் செய்து காட்டினார்.

"இதுக்கு இருபத்துநாலாயிரம் போடச் சொன்னது ஆர்?"

நான் சுவரில் இருந்த பூஞ்சணத்தைப் பார்த்தேன். அவர் ஏணியை விரித்து ஏறினார். மெஷினைக் கழுவித் துடைத்துப் பூட்டினார். ரிமோட்டை என் கையில் தந்து, "நான் வெளிப்பெட்டியப் பாக்கிறன். நீங்க கதவச் சாத்திட்டு ஒரு மணித்தியாலம் உள்ள இரிந்து பாருங்க. நான் சொல்றதவிட அது நல்லாச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கட்டில் ஓரத்தில், தலைமாட்டுப் பக்கமாக உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம். இதற்காகத்தானே வாங்கினேன் என்று நினைத்தேன். ஏழாம் நிமிடம் பிடரியில் வலித்தது. முந்தானையை இழுத்துப் போர்த்தினேன். பற்கள் ஒன்றோடொன்று பட்டன. அந்த நேரம் பார்த்து வெளிப்பெட்டி நின்றது. குளிர் மெல்லக் கலைந்தது, ஆனால் போன குளிருக்குப் பதிலாக வேறொன்று வந்து தோலில் ஒட்டியது. கழுத்து பிசுபிசுத்தது. விரிப்பு நசநசத்தது. ஜன்னலைத் திறக்கலாம் என்று எழும்பினேன். அதைத் திறக்க முடியாதபடி செய்தவள் நானே. ஃபேனைப் போடலாம் என்று மேலே பார்த்தேன்; அங்கே அழகுக்கு விளக்குகள் இருந்தன. கொஞ்ச நேரத்தில் பெட்டி திரும்பவும் இரைந்தது, வேர்த்த கழுத்தில் பனிக்கட்டி வைத்தது போல் காற்று அடித்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் இப்படி ஐந்து தடவை. பின்னறையில் படுத்துக்கொண்டு நான் நிம்மதியாகக் கேட்ட சத்தம் இதுதான்.

அந்த இரண்டு பிள்ளைகளும் ஐந்து மாதம் இதற்குள் படுத்திருக்கிறார்கள். வாங்கிக் கொடுத்த நான் ஒரு நிமிடம்கூட இதன் கீழே இருந்து பார்த்ததில்லை.

திருத்துநர் வந்து எளிதாகச் சொன்னார். "பெரிய மெஷின் சின்ன அறைய டக்கெண்டு குளிராக்கிட்டு நிண்டிரும். கடற்கரைக் காத்தில ஈரம் கூட. அந்த ஈரத்த உறிஞ்சி எடுக்க மெஷினுக்கு நேரம் வேணும். அளவான மெஷின் எண்டா நிக்காம மெதுவா ஓடும், ஈரத்தையும் எடுத்துக் குழாயால வெளிய விடும். உங்கட குழாயில தண்ணி வாறல்லத்தானே?"

"வாறல்ல" என்றேன். வாளியில் படுத்திருந்த பல்லி நினைவுக்கு வந்தது.

பிறகு அவர் நாடாவை எடுத்து அறையை முறைப்படி அளந்தார். நீளம், அகலம், சுவரின் உயரம். ஜன்னல் எந்தப் பக்கம், வெயில் எப்போது விழும், எத்தனை பேர் படுப்பார்கள் என்று கேட்டார். மேலே கொங்கிறீட், ஆனால் மாமரம் நிழல் போடுகிறது என்றேன். "அப்ப ஒன்பதாயிரம் காணும்" என்றார். பழைய புத்தி விடுமா? "ஒரு பாதுகாப்புக்குப் பதினெட்டு...?" என்று இழுத்தேன். அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "உங்கட செருப்பு எத்தினையாம் நம்பர் டீச்சர்?" என்று கேட்டார். "ஆறு" என்றேன். "பாதுகாப்புக்கு ஒன்பது வாங்கிறீங்களா?" என்றார். கோபம் வர வேண்டிய இடம், சிரிப்புத்தான் வந்தது.

பின்னேரம் மகள் வந்ததும் பின்னறைக்குக் கூப்பிட்டேன். "நான் அந்த அறையில ஒரு மணித்தியாலம் இரிந்தன் புள்ள" என்றேன். அவள் முகம் மாறியது.

"அவருக்குத் தடிமன், மூக்கடைப்பு விடுறல்ல உம்மா. நித்திர கொள்ள ஏலாம அடுத்த நாள் வேலயும் செய்ய ஏலாது. அதான் அங்க போய்ப் படுக்கிற."

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொல்லவேணாம் எண்டு சத்தியம் வாங்கினாரு. மாமி ஆசையா வாங்கினது, அவட மனசு நோகும் எண்டு."

"நான் உன்ன அப்படி ஏசக்குள்ளயும் சொல்லாம இரிந்தியா?"

"சத்தியம்தானே" என்றாள்.

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். என் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அழுதாள்; மீன் வெட்டிய அன்று அழாததையும் சேர்த்து அழுதாள். எனக்கும் அடங்கவில்லை.

அன்றிரவு கணவரிடம் முழுவதையும் சொன்னேன். "வயலுக்கு ஒரேயடியாத் தண்ணி திறந்தா மேலால ஓடிப் போயிரும், வேர் நனையாது" என்றார். "இதக் கடையிலயே சொல்லியிரிக்கலாமே" என்றேன். "சொல்ல விட்டியா?" என்றார். அது உண்மைதான்.

அடுத்த கிழமை பெரிய மெஷின் வரவேற்பு ஹோலுக்குப் போனது. நீளமான ஹோல், அங்கே அது ஒழுங்காக ஓடியது. சின்னது வந்த அன்று, பெட்டி முச்சக்கர வண்டியிலிருந்து இறங்கும்போது ராத்தா தன் கேற்றடியில் நின்றாள். நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"என்ன, மருமகன்ட அறைக்குச் சின்னனா வாங்கிட்டாய்? நிந்தவூரார் என்ன நினைப்பாங்க?"

ஒரு மாதத்துக்கு முன்னர் என்றால் பெட்டியைப் பின்கதவால் கொண்டுபோயிருப்பேன். "அவருக்கு அளவா வாங்கினன் ராத்தா" என்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போவதற்கு முன், "எங்கட அறையும் பத்துக்குப் பத்துத்தான்" என்று மெல்லச் சொன்னாள்.

சின்ன மெஷினைக் கால்மாட்டுப் பக்கச் சுவரில் மாட்டினோம். ஒரு ஜன்னலைத் திறக்கக்கூடியதாக மாற்றினோம். அன்று பின்னேரம் மருமகன் வந்தபோது நான் கதவு மறைவிலிருந்து வெளியே வந்து அவருக்கு முன்னால் நின்றேன். முந்தானையைச் சரிசெய்தேன், தேவையில்லாமல் மீண்டும் சரிசெய்தேன்.

"மருமகன், அறையில மெஷின் மாத்தியிரிக்கி. முந்தி போட்டது என்ட பிழ. இனி ஏதும் சரியில்ல எண்டா எனக்கிட்ட நேர சொல்லணும்."

அவர் நிலத்தைப் பார்த்தார். "ஓம் மாமி" என்று தலையாட்டினார். அவ்வளவுதான். அது உள்ளத்திலிருந்து வந்த ஓமா, மரியாதைக்குச் சொன்ன ஓமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் எனக்கு எப்போதும் ஓம் என்றுதான் சொல்லிவந்தார்.

மூன்றாம் நாள் தலையணை திரும்பி வந்தது. வாளியில் தண்ணீர் சேரத் தொடங்கியது; மகள் அதை எடுத்துச் செடிக்கு ஊற்றினாள். நிந்தவூருக்கு அவர் பகலில் போய், இரவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊர் வேறு கதைக்குப் போய்விட்டது. ஆனால் அந்த ஓம் எனக்குள் கிடந்து குடைந்தது. இந்த வீட்டில் அவர் இன்னும் எதையும் கேட்டதில்லை. கேட்காத மனிதர் அடுத்த தடவையும் தலையணையோடுதான் போவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு, குசினியில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. மகளாக்கும் என்று திரும்பினேன். மருமகன். குசினிப் பக்கம் அவர் வந்ததே இல்லை. எதையோ சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார், பிறகு நிலத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"மாமி, தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் குறைச்சா நல்லம்."

கையில் கரண்டி அப்படியே நின்றது. ஆறு மாதம். நாளுக்கு ஒரு கிளாஸாவது இருக்கும். எல்லாம் வெறுமையாகத் திரும்பி வந்தன.

"எவ்வளவு போட?" என்று கேட்டேன். முதன்முதலாக என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

"அரைக் கரண்டி காணும்."

அரைக் கரண்டி போட்டேன். இன்னும் கொஞ்சம் போடலாமே என்று கை போத்தலுக்குப் போனது. மூடியைத் திருகி, போத்தலை மேல் தட்டில் வைத்துவிட்டு, கிளாஸை என் கையாலேயே அவரிடம் கொடுத்தேன்.